தறிக்குழி நிலவறை அல்ல

3-11-98, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். கொடித் துணி உள்ளே எடுத்தாயிற்று.

தெருவில் பேசிக்கொள்வது தவறு. பிரீமியம் கட்ட வழியில்லாமல் நான் கோர்ட்டுக்குப் போகவில்லை. என் இரண்டு தறிக்கும் கட்ட முடியும். பக்கத்து வீட்டுச் சரோஜாவால் முடியாது. இந்த வருடம் பாலிசியை விட்டுவிட்டாள். தெருவில் பாதிப் பேர் அப்படித்தான். ஏரி உடைந்தால் தண்ணீர் முதலில் இறங்குவது தறிக்குழியில். தறியில் ஏற்றிய பட்டுப் பாவு நூலெல்லாம் போகும்.

கோர்ட்டுக்குப் போகக் காரணம், சர்க்கார் இன்சூரன்ஸ் ஆபீஸின் புது விண்ணப்பம். ‘நிலவறை உண்டா?’ குழித்தறி உள்ள வீடு அத்தனைக்கும் ‘உண்டு’ என்று போட்டிருக்கிறார்கள். வெள்ளத்துக்கான பிரீமியம் இரண்டு மடங்கு. நெய்கிறவர் காலைத் தொங்கவிடும் பள்ளம் நிலவறையாம்!

சரோஜா வந்தாள். “இன்னா பெரியம்மா, கெவர்மென்ட்டையே கூண்டுல ஏத்தப் போறீங்களாமே?”
“நுகர்வோர் கோர்ட்டுல கூண்டு கிடையாது.”
“அப்ப பாக்க இன்னா கீது? நான் வரல.”

5-11, வியாழன்
திருவண்ணாமலை. பஸ்ஸில் ஒழுகும் ஜன்னல். வக்கீல் வைக்கவில்லை. எடுத்துப் போனவை: மனு மூன்று பிரதி, பாலிசி நகல், குடை, தயிர்சாதம்.

அவர்கள் வக்கீல்: “பள்ளம்னா தரைக்குக் கீழதானே இருக்கு?”
நான்: “எங்க வீட்டு உரலும் தரையில புதைச்சதுதாங்க ஐயா. அதுவும் நிலவறைங்களா?”
சிரிப்பு. இன்சூரன்ஸ் மேனேஜர் நேரில் போய்ப் பார்க்க உத்தரவு. நீதிபதி மனுவைப் புரட்டி, யார் எழுதிக் கொடுத்தது என்று கேட்டார். நான்தான். கான்வென்ட் சிஸ்டர் அடித்துத் திருத்திய கையெழுத்து. இத்தனை வருடம் கல்யாணப் பத்திரிகை உறைகளில் விலாசம் எழுதத்தான் பயன்பட்டது.

என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் ‘உனக்கேன் வம்பு’ என்றிருப்பார். பிறகு பஸ் ஸ்டாண்டு வரை குடை பிடித்து வந்திருப்பார்.

9-11, திங்கள்
மழை விடவில்லை. ஏரி முக்கால். சரோஜாவின் குழியில் ஊற்றுத் தண்ணீர். செம்பால் மொண்டு கொட்டுகிறாள். தறியில் பாதி நெய்த முகூர்த்தப் புடவை.

மேனேஜர் வந்தார். சின்ன வயது. ஷூவைக் கழற்றச் சொல்லி, என் தறியில் உட்காரச் சொன்னேன். மிதிகட்டையில் பாதம், தரை மட்டத்தில் தொடை. எழுந்தவருக்குத் தறி மரத்தில் தலை இடித்தது.

வாசலில் சரோஜா: “ஜல்தி வேணாம் சார். உங்க நிலவறையாச்சே, நல்லா சுத்திப் பாருங்க.”

அவரே சிரித்துவிட்டார். காபி கொடுத்தேன். புறப்படும்போது தணிந்த குரலில்: “உங்க பாலிசிக்கு மட்டும் பழைய ரேட்டே போட்டுடறோம்மா. கேஸை வாபஸ் வாங்கிக்குங்க.”
“சரோஜாவுக்கு?”
“அதெல்லாம் மேலிடம்தான் சொல்லணும்.”
“அப்ப மேலிடம் சொல்லட்டும். நான் காத்திருக்கேன்.”

10-11, செவ்வாய்
மழை விட்டது. ஏரி தாங்கியது. சரோஜாவுக்குக் குழியில் கணுக்கால் தண்ணீர், பாவு தப்பியது. இந்த முறை.

தபாலாபீஸ் திறந்ததும் பதிவுத் தபால். நகல்:

மேலாளர் அவர்களுக்கு. நேற்று என் தறிக்குழியில் உட்கார்ந்து பார்த்தீர்கள். என் வீட்டில் அது நிலவறை இல்லையென்றால், இந்தத் தெருவில் எந்த வீட்டிலும் இல்லை. எனக்கு மட்டுமான சலுகை வேண்டாம். வழக்கை வாபஸ் வாங்கப் போவதில்லை. எல்லா வீட்டுக்கும் பழைய பிரீமியம் உண்டா, இல்லையா? எழுத்தில் பதில் தரவும்.