முன்மொழிந்தவர்: திருச்செல்வம்

மார்ச் 12

கால் வீக்கம் குறைந்திருக்கிறது. கொள்ளுக் கஞ்சியால்தான் என்கிறாள் யோகேஸ்வரி. மாத்திரைக்கு ஒரு பாராட்டு கிடையாது. தமிழ் மன்றத்தின் ஆண்டறிக்கையை இன்று அனுப்பிவிட்டேன். பாசிர் கூடாங்கில் என்னைப் போல் கூட்டக் குறிப்பு எழுதும் செயலாளர் இன்னொருவர் இருந்தால் காட்டட்டும். பதினெட்டு வருடம், ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

மார்ச் 15

எங்கள் மன்றத்துத் திருச்செல்வத்தைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஷிப்ட் முடிந்து தொழிற்சாலை பஸ்ஸை விட்டு இறங்கிய இடத்திலேயே. அவன் மனைவி ரூபினி போனில் அழுகிறாள். ஐந்து மாத வயிறு அவளுக்கு. "சொஸ்மான்னு சொல்றாங்க அங்கிள். அப்படின்னா என்ன?"

என்னத்தைச் சொல்ல? பாதுகாப்புச் சட்டம். அதில் இருபத்தெட்டு நாள் போலீஸே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் குற்றம் சாட்டினால் ஜாமீன் இல்லை, வழக்கு முடிகிறவரை உள்ளேதான். எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. தீவிரவாதத்துக்கு ஆதரவாம். கோழி அறுக்கிற இடத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவன் அவன்!

மன்றத்து அலமாரியையும் காலி செய்திருக்கிறார்கள். என் குறிப்புப் புத்தகமும் போயிற்று.

மார்ச் 18

இன்றுதான் மண்டையில் உறைத்தது.

போன அக்டோபர் கூட்டம். ஆறாவது அங்கம்: ஈழப் போரில் மாண்டவர்களுக்கு நவம்பரில் விளக்கேற்றுவது. முன்மொழிந்தவர் திருச்செல்வம், வழிமொழிந்தவர் ஐயாசாமி. என் கையெழுத்து, முத்து முத்தாக.

இருவரும் வாயே திறக்கவில்லை. திருச்செல்வம் கூட்டத்துக்கே வரவில்லை! வந்தது ஆறு பேர், கூட்டம் செல்லுபடியாக ஏழு பேர் வேண்டும். "அண்ணே, ஷிப்ட் முடிஞ்சா வந்திடுவேன், பேர் போட்டுடுங்க" என்று எப்போதும் சொல்வான். போட்டுவிட்டேன். தலைவர் வீரமுத்துதான் "ஏத்திடலாம் லா" என்றார், எல்லாரும் டீக்கு எழுந்துவிட்டார்கள். எல்லாத் தீர்மானத்திலும் வீரமுத்து பெயரே வந்தால் அழகாக இருக்காது என்று மாற்றி மாற்றி எழுதுவது என் வழக்கம். எந்த மன்றத்தில்தான் இப்படி இல்லை?

ஐயாசாமி தைப்பூசத்துக்கு முன்பே செத்துத் தப்பித்துக்கொண்டார்.

மார்ச் 20

போலீஸ் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தது. அதிகாரி மரியாதையான ஆள், டீ கொடுத்தார். பக்கத்தைத் திறந்து காட்டி, இதில் இருப்பது சரியா என்று கேட்டார்.

சரி என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

ஏன்? ஏன்டா அப்படிச் சொன்ன? பதினெட்டு வருடப் பெருமையா? மண்ணாங்கட்டி. பயம். வேற ஒண்ணுமில்ல.

ஏப்ரல் 12

இருபத்தெட்டு நாள் முடிந்தது. குற்றம் சாட்டி, ரெங்கம் பக்கத்துச் சிறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மே 2

யோகேஸ்வரியிடம் சொன்னேன். கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "வாய மூடிக்கிட்டு சும்மா இருங்க. உங்களயும் தூக்கிட்டுப் போனா உங்களுக்கு இன்சுலின் யாரு போடுவா?"

அவள் சொன்னது எனக்குச் சௌகரியமாக இருந்தது. அதுதான் கேவலம்.

ஜூலை 19

ரூபினிக்குப் பெண் குழந்தை. வலி வந்ததும் நான்தான் காரில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். தாதி என்னைத் தாத்தா என்று நினைத்து வாழ்த்தினாள். நான் மறுக்கவில்லை.

ஜூலை 26

குழந்தை பிறந்ததைச் சிறைக்குப் போய்ச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான், நடுவில் போன். பாதியாகிவிட்டான்.

"யாரு மாதிரி இருக்கா அண்ணே?"

"உன்ன மாதிரிதான்டா."

"பொய் சொல்லாதீங்க."

அந்த வார்த்தைக்கு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவன் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

செப்டம்பர் 9

வழக்கை மறுபடியும் தள்ளி வைத்துவிட்டார்கள். நான்காவது தடவை.

நீதிமன்ற வராந்தாவில் அவனுடைய வக்கீல் கிறிஸ்டினிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது.

"ஜாமீன் கேக்க முடிஞ்சா நாளைக்கே இத நீதிபதி முன்னால வெச்சிடுவேன் அங்கிள். இந்தச் சட்டத்துல அதுக்கு வழியில்ல. விசாரணை எப்ப தொடங்குதோ அப்பதான். ஆனா நீங்க சத்தியப் பிரமாணம் எழுதிக் குடுங்க, அரசாங்க வக்கீலுக்கு அனுப்பிப் பாக்கிறேன். முன்ன குடுத்த வாக்குமூலம் பொய்னு ஆகும். உங்களயும் கூப்பிடுவாங்க. தெரிஞ்சுதான் செய்யணும்."

செய்கிறேன் என்றேன்.

அக்டோபர் 3

தட்டச்சு செய்தாகிவிட்டது. ஒன்றரைப் பக்கம். கையெழுத்து மட்டும் பாக்கி.

நவம்பர் 27

இந்த வருடம் மன்றத்தில் யாரும் விளக்கைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கிறிஸ்டின் போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜனவரி 19

இன்றும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைத் தேடினேன். சட்டைப் பையிலேயே இருந்தது.

மார்ச் 15

ஒரு வருடம். குற்றவாளி என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. குற்றவாளி இல்லை என்றும் சொல்ல ஆளில்லை. தெப்ராவில் மருமகன் வீட்டு விசேஷத்தில் ஒருவர் கேட்கிறார்: "நெருப்பில்லாம புகையுமா?" இலையில் பாதி சாப்பாட்டோடு எழுந்துவிட்டேன். எழுந்து என்ன செய்தேன்? கை கழுவினேன்.

ஏப்ரல் 27

ரூபினியையும் குழந்தையையும் சிறைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போகிறோம். குழந்தைக்கு இப்போது நான்கு பல். அவன் கண்ணாடியில் விரலை வைத்து ஆட்டினான். அது வீலென்று கத்திக்கொண்டு என் சட்டையைப் பிடித்துக்கொண்டது. அவன் விரலை எடுத்துவிட்டான். அவ்வளவுதான் செய்தான்.

வழியெல்லாம் எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. மழை என்று நினைத்து வைப்பரைப் போட்டேன், வெளியே நல்ல வெயில்.

ஏப்ரல் 29

சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையெழுத்துப் போட்டேன். யோகேஸ்வரி இரண்டு மாத இன்சுலினை வாங்கி ஐஸ்பெட்டியில் அடுக்கி வைத்திருக்கிறாள். கிறிஸ்டின் கோலாலம்பூரில் இருக்கிறாள், செவ்வாய்க்கிழமை வரச் சொன்னாள்.

மே 5

திங்கட்கிழமை. கிறிஸ்டின் போன் செய்தாள். குற்றச்சாட்டை மீட்டுக்கொண்டார்களாம். காரணம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லையாம்.

"அப்ப நாளைக்கு நான் கொண்டு வர வேண்டியது?"

"இனிமே தேவையில்ல அங்கிள்."

அப்பாடா என்று வந்துவிட்டது வாயில். யாருக்காக வந்த அப்பாடா அது? திருச்செல்வத்துக்காக இல்லை. எழுதி வைக்கிறேன், என் கையெழுத்திலேயே இருக்கட்டும்.

மே 8

வீட்டுக்கு வந்துவிட்டான். வேலை போய்விட்டது. "அப்பாகிட்ட போ, போ" என்று எல்லாரும் குழந்தையைத் தள்ளுகிறார்கள். அது திரும்பித் திரும்பி என் மடிக்கே வருகிறது. பாத்ரூம் போகிறேன் என்று எழுந்து, நேராகக் காருக்குப் போய்விட்டேன்.

ஜூன் 15

இன்று மன்றக் கூட்டம். ஏழே பேர். திருச்செல்வம் வருவான் என்று நான் நினைக்கவில்லை. கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

முதல் அங்கம், சென்ற கூட்டக் குறிப்பை ஏற்பது. யார் முன்மொழிகிறீர்கள் என்று வீரமுத்து கேட்டார். ஒருவர் காற்றாடியைப் பார்த்தார், ஒருவர் போனை நோண்டினார். வெறும் குறிப்பு, அதற்கே இந்தப் பாடு.

திருச்செல்வம் கையைத் தூக்கினான். "நான் முன்மொழியிறேன். இந்தத் தடவை நெசமாவே வந்திருக்கேன் அண்ணே, எழுதுங்க."

யாருக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது.

முடிந்ததும் படிக்கட்டில் பிடித்துக்கொண்டேன். "எப்ப தெரியும்?"

"பிடிச்ச மூணாவது நாளே பக்கத்தக் காட்டினாங்க. உங்க எழுத்து எனக்குத் தெரியாதா? அன்னிக்கு வேலையில இருந்தேன்னு சொன்னேன். யாரும் போய்ப் பாக்கல. அப்புறம் நீங்க சரின்னு போட்ட கையெழுத்தக் காட்டினாங்க. அதோட வாய மூடிட்டேன்."

"ஏன்டா? என்னைச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா உங்களயும் உள்ள வெப்பாங்க. ரூபினிய ஆஸ்பத்திரிக்கு யாரு கூட்டிட்டுப் போறது? கார் இருக்கிறது உங்ககிட்டதானே."

மன்னிப்புக் கேட்டேன். கேட்டதாகத்தான் நினைவு, குரல் வந்ததா என்று தெரியாது. அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "அடுத்த ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வாங்கண்ணே, புள்ள உங்கள தேடுது" என்றான்.

இப்போது குறிப்பைச் சுத்தமாக எழுதி முடித்துவிட்டேன். முன்மொழிந்தவர்: திருச்செல்வம். வழிமொழிய யாரும் கை தூக்கவில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டிருக்கிறேன்.