முறை நாள் மாத்திரை

2009 செப்டம்பர், திங்கள்

காலையிலேயே புழுக்கம். உப்புமாவில் உப்பு கம்மி. கோயில் மடப்பள்ளியில் சமைக்க மலை ஏறினால் ஆத்துக்காரருக்கு மறுபடி மூச்சு வாங்குகிறது. போன வருஷம் இதயக் குழாயில் வைத்த ஸ்டென்ட் கம்பிவலைக்குள் குழாய் மறுபடி சுருங்கிவிட்டதாம். நாளை சென்னை. ரிப்போர்ட், போர்வை, தண்ணீர்.

செவ்வாய்

ரயிலில் அரக்கோணம் வரை நின்றபடி. ஒரு பூக்காரம்மா எழுந்து இவரிடம், "உக்காரு சாமி, மூஞ்சே வெளுத்துகினு கீது." நன்றாயிருக்கட்டும்.

டாக்டர் சொன்ன வழி இரண்டு. ஸ்டென்டுக்குள் இன்னொரு ஸ்டென்ட்: கம்பி மேல் கம்பி, ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை ஒரு வருஷமாவது. அல்லது மருந்து தடவிய பலூன்: உள்ளே ஊதி, மருந்தைக் குழாய்ச் சுவரில் ஒட்டவிட்டு, வெளியே எடுத்துவிடுவார்கள். இரண்டு மாத்திரை சில மாதம், அப்புறம் ஒன்று.

பலூனிலும் இரண்டு கம்பெனி. "மருந்து ஒண்ணுதானே, என்ன வித்தியாசம்?" நான் விடவில்லை. மருந்தைப் பிடித்துவைக்கும் பூச்சு வேறாம். ஒன்றில் மருந்து சுவரில் சரியாக ஒட்டுவதில்லை. "அப்போ மத்ததுதான்" என்றேன். டாக்டர் சிரித்தார்.

"மாத்திரை ஒழுங்கா போடறாரா?"

இவர் தரையைப் பார்த்தார். "மடப்பள்ளில என் முறை வர நாள்ல போட்டுக்கறதில்லை. போட்டுண்டா, காய் நறுக்கறச்சே கத்தி பட்டா ரத்தம் நிக்க மாட்டேங்கறது. ஒரு சொட்டு விழுந்தா நைவேத்யம் பூரா கொட்டணும்."

"சுருங்கினது அதனால இல்ல. ஆனா மாத்திரையை விட்டா ரத்தம் உறைஞ்சு ஒரேடியா அடைச்சுக்கும், சாமி."

பாவி மனுஷன்! என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வெள்ளி

பலூன் முடிந்தது. "நெஞ்சை அமுக்கித்து, அவ்வளவுதான்" என்றார். ஆஸ்பத்திரி காபி கழுநீர்.

அக்டோபர், புதன்

வீட்டில் சண்டை. "கரண்டி பிடிங்கோ. கத்தியை உங்க தம்பி பிடிக்கட்டும்."

"என் முறைக்கு நான் நறுக்காம?"

"நாளைக்கும் சுவாமிக்குப் பொங்கல் வேணும்னா நீங்க இருக்கணும். மாத்திரை போடாம படி ஏறினேள், நானும் பின்னாடியே வந்து மடப்பள்ளி வாசல்ல உக்காந்துப்பேன்." உட்காருவேன். அவருக்கும் தெரியும்.

ஞாயிறு

தூறல். இன்று அவர் முறை. மாத்திரைகளைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். விழுங்கினாரா, துப்பினாரா? பார்க்கவில்லை. மனசே சரியில்லை.

மத்தியானத்துக்குள் வந்து நிற்கிறார், விரலில் துணி. "பூசணிக்காய்... பழக்கதோஷம், கத்தியை எடுத்துட்டேன். பட்டதும் வெளில ஓடி வந்துட்டேன். உள்ள ஒரு சொட்டு விழலை. பொங்கலைத் தம்பி இறக்கறான்."

நன்றாகத் திட்டினேன். துணியைப் பிரித்து மஞ்சள் வைத்து அழுத்தினேன். கசிவு நிற்கவில்லை. வேறு துணி. அதுவும் நனைந்தது.

"ஏண்டி சிரிக்கறே?"

விழுங்கியிருக்கிறார்.