பேட்டர்ன் ரூம் கம்ப்யூட்டரின் பெயர்

10.7.2006, திங்கள்
காற்று. ஆடிக்கு இன்னும் ஒரு வாரம், அதற்குள் புழுதி. சர்வர் ரூம் ஜன்னலுக்கு ஈரத்துணி.

புது பேக்கப் சர்வர் வந்தாயிற்று. தினமும் சாயங்காலம் கம்பெனியின் எல்லா கம்ப்யூட்டரிலிருந்தும் வேலையைக் காப்பி எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர்கள் தெரிய வேண்டும். என் வேலை: பெயர்ப் பட்டியல். வரிக்கு ஒரு கம்ப்யூட்டர். முதலில் மிஷினின் நெட்வொர்க் நம்பர், பக்கத்தில் பெயர்.

இதுவரை யார் உட்கார்கிறார்களோ அவர் பெயர்தான் மிஷினுக்கும். மேனேஜர் பழனிச்சாமி அண்ணன்: "ஆளு வேலைய வுட்டு நின்னா மறுக்கா பேரு மாத்தோணும். டிபார்ட்மென்ட் பேரையே வெச்சுருங்க கண்ணு."

மொத்தம் 23. மாற்றியது 22. பாக்கி பேட்டர்ன் ரூம். அதன் பெயர் கவிதா.

11.7, செவ்வாய்
கவிதா போய் நான்கு மாதம், ஒன்பது நாள். ஆறே நாள் காய்ச்சல்.

அவள் சீட்டில் இப்போது ஜெபா. தெற்கத்திப் பெண். பனியன் துணி வெட்ட அளவுப் படம், அதாவது பேட்டர்ன், வரைகிற அதே வேலை. "அண்ணே, எம் மிஷினுக்கு மட்டும் ஏன் பேரு மாத்தல?" கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவசரமில்லண்ணே. இருக்கட்டும்."

மதியம் மாற்றினேன். பேட்டர்ன்1. ஆனால் சர்வர் பட்டியலில் பழைய பெயரை எடுக்கவில்லை. ஒரே வரியில் இரண்டு பெயர் போடலாம். கவிதா, பேட்டர்ன்1. என் மனைவியை முன்னால் போட்டேன். யார் பார்க்கப் போகிறார்கள்.

12.7, புதன்
காலை ரிப்போர்ட்: 22 பச்சை, ஒன்று சிவப்பு, காப்பி ஆகவில்லை. பேட்டர்ன்1. புதுசுதானே, நாளை சரியாகும்.

வாங்க: பிளேடு, கேபிள் டை, கொசுவத்தி.

பஸ் ஸ்டாண்டில் கை தானாகப் பூ வாங்கிவிட்டது. ஒரு முழம். என்ன செய்வதென்று தெரியாமல் பூக்காரம்மாவிடமே திருப்பி நீட்டினேன். "ஏனுங்க, பூவு வாடிப்போச்சுங்களா?"

14.7, வெள்ளி
மூன்றாம் நாளும் சிவப்பு. பார்க்காமல் இல்லை. அந்த வரியைத் திறந்தால் அவள் பெயரில் கை வைக்க வேண்டும். மூடிவிட்டேன்.

15.7, சனி
கரண்ட் போய்ப் போய் வந்தது. ஜெபாவின் ஹார்ட் டிஸ்க் காலி. நான்கு நாள் வேலை. குழந்தைகள் பைஜாமா செட், மேல்சட்டையும் சேர்த்து, ஆறு சைஸ். கட்டிங் நிற்கிறது.

அண்ணன்: "பேக்கப்புல இருக்குமுங்கல்ல?"

இல்லை. பெயர் மாற்றிய நாளிலிருந்து ஒன்றுமே இல்லை.

இப்போதுதான் சர்வர் தானே எழுதிவைக்கிற குறிப்பை, லாகை, படித்தேன். நம்பரை வைத்து ஆள் யாரென்று பார்க்கும்போது சர்வர் வரியில் முதல் பெயரைத்தான் எடுக்கிறது. கவிதா. மிஷினோ நான் பேட்டர்ன்1 என்கிறது. ஒத்துப்போகவில்லை, கதவைச் சாத்திவிட்டது. தினமும். கம்ப்யூட்டர் படித்தவன் செய்கிற தப்பா.

இரண்டு பேரிடமும் போய்ச் சொன்னேன். ஏன் அப்படிப் போட்டேன் என்பதையும்.

அண்ணன் கட்டிங் டேபிளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "திங்கக்கெழம கட்டிங் ஓடோணும். அது போதுமுங்க." போய்விட்டார்.

ஜெபா: "எல்லாம் மண்டைக்குள்ள இருக்கு, வரைஞ்சிரலாம். நீங்க டிஸ்க்க மாத்துங்க. ஏன்ணே மூஞ்சிய இப்படி வச்சிருக்கீய? கீபோர்டு நனைஞ்சா அதுக்கும் பேக்கப் கிடையாதுல்லா."

சிரிப்புச் சத்தம் கேட்டது. என்னுடையதுதான்.

16.7, ஞாயிறு
லீவு. ஜெபா சர்ச் முடிந்து அவள் அம்மாவோடு நேராகக் கம்பெனிக்கு வந்தாள். அம்மா ஒரு நாற்காலியில் தூக்கம். நான் அளவு வாசிக்க, அவள் வரைந்தாள். நெஞ்சு, தோள், கழுத்து, கை. கவிதா ஒரு நாளும் என்னை வாசிக்க விட்டதில்லை, வேகம் பத்தாது என்பாள். இவளும் இரண்டு தரம் அதட்டினாள். நான்கு மணிக்கு ஆறு சைஸும் முடிந்தது.

அப்புறம் அந்த வரி. கவிதா பெயரை அழிக்கப் போனேன். பின்னால் ஜெபா. "எடுத்தாத்தான் ஓடுமாண்ணே?"

அப்படியில்லை. பேட்டர்ன்1 முதலில் இருந்தால் போதும்.

"அப்ப அக்கா பின்னால இருக்கட்டும். எனக்கு ஒரு எடைஞ்சலும் இல்ல."

இடம் மாற்றிப் போட்டேன். பேட்டர்ன்1, கவிதா.

17.7, திங்கள்
23 பச்சை. கட்டிங் ஓடுகிறது.

ஒரு கமாண்ட் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மிஷின் இருக்கிறதா என்று பதில் வரும். சர்வரில் உட்கார்ந்து கவிதா என்று அடித்தேன். பேட்டர்ன் ரூமிலிருந்து நான்கு தடவை பதில். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெபா கட்டிங் மாஸ்டரோடு சண்டை பிடித்துச் சிரிக்கிற சத்தம்.