நிழல் பக்கத்து சீட்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பும் மனசும் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். சுகம் என்று பழக்கத்தில் எழுதிவிடவில்லை, இன்றைக்கு நிஜமாகவே சுகம், மூன்று வாரத்துக்கு முன்னால் எழுதியிருந்தால் அது பொய்யாகியிருக்கும். போனில் உன் குரலைக் கேட்டதும் எனக்கு நல்லதைத் தவிர வேறு எதுவும் சொல்ல வாய் வருவதில்லை. அதனால்தான் சாவகாசமாக உட்கார்ந்து எழுதுகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

இந்த வருஷத்து வெயிலை என்னவென்று சொல்ல. மேல்மாடி வீடு என்பதால் தலைக்கு மேலே வெயில், ஹால் மேற்கே பார்த்திருப்பதால் மத்தியானத்துக்கு மேல் முகத்திலும் வெயில். குழாயைத் திறந்தால் வருகிற தண்ணீரில் டீயே போடலாம். நீ ஏசி வாங்கிப் போடச் சொன்னாய். எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, இந்த வயரிங்குக்கு ஃபேன் ஓடுவதே பெரிய விஷயம், ஏசி போட வேண்டுமானால் வீடு முழுக்க மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு மாசாமாசம் வருகிற கரண்ட் பில்லுக்கு அப்பாவின் பென்ஷன் தாங்காது. சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அப்பா களத்தில் இறங்கினார். முப்பத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக நின்ற மனுஷர், எந்த ரூட்டில் எந்த நேரத்தில் எந்தப் பக்கத்து சீட்டில் வெயில் விழும் என்று அவருக்கு மனப்பாடம். அந்த வித்தையை வீட்டுக்குள் காட்டினார். காலையில் ஹால், பத்து மணிக்கு மேல் அடுப்பங்கரை வாசல், மூன்று மணிக்குக் குளியலறைப் பக்கத்து நடை. பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நிழலோடு நிழலாக நகர்வார், கண்ணயர்ந்து கிடக்கிற என்னையும் எழுப்பி, இறங்குறவங்க இறங்கிக்குங்க என்பார். எனக்குச் சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும்.

சும்மா சொல்லக்கூடாது, செலவில்லாமல் நிறையச் செய்தார். ஃபிரிட்ஜின் முதுகிலிருந்து சூடு வருகிறது என்று அதை ஹாலிலிருந்து அடுப்பங்கரை மூலைக்கு மாற்றினார். பழைய போர்வைகளை நனைத்து மேற்கு ஜன்னலில் தொங்கவிட்டார். என்னை விடிவதற்குள் சமைத்து முடித்து அடுப்பை அணைக்கச் சொன்னார். கீழ்வீட்டு டீச்சர், மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் சூடு பாதி குறையும் என்று சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் அதை விடிகாலையில் அடிக்க வேண்டும், உன் அப்பா பதினொரு மணிக்கு மேலே ஏறினார். கால்வாசி அடித்திருப்பார், சத்தமே இல்லையே என்று நான் போய்ப் பார்த்தால் வாளிக்குப் பக்கத்தில் விழுந்து கிடக்கிறார், முகமெல்லாம் சுண்ணாம்பு. எனக்கு உயிரே போய்விட்டது. டீச்சரும் நானும் சேர்ந்து தூக்கி வந்து தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்துப் போனோம். பிரஷர் தாறுமாறாக இருந்தது. இன்னொரு தடவை இப்படி ஆனால் தாங்காது, குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதைத்தான் உன்னிடம் மறைத்தேன்.

உன் அக்காவிடம் மறைக்க முடியவில்லை, அவள் நேரிலேயே வந்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வந்து இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு போகிறேன், வீட்டைப் பூட்டிவிட வேண்டியதுதான், இதில் பேச்சே கிடையாது என்றாள். அவள் வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அங்கே போனால் உன் அப்பா ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூடக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். ஒருமுறை பூட்டின வீட்டை எங்கள் வயசில் திரும்ப வந்து திறப்போமா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. அதற்கப்புறம் அவர் நாற்காலியை நகர்த்துவதையே விட்டுவிட்டார். வெயில் மேலே விழுந்தாலும் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

இப்போது என் குட்டைச் சொல்கிறேன். உன் அறையை நீ போன நாலு வருஷமாக நான் மூடியேதான் வைத்திருக்கிறேன். வாரம் ஒருநாள் திறந்து பெருக்குவேன், ஜன்னலைத் தொடமாட்டேன், திரும்பப் பூட்டிவிடுவேன். தூசி வரும், உன் புத்தகமெல்லாம் பாழாகும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். தூசியெல்லாம் சாக்கு. நீ இருந்தபோது அந்த அறையில் இருந்த காற்று அங்கேயே இருக்கட்டும் என்று ஒரு கிறுக்கு. ஜன்னலைத் திறந்தால் நீ நிஜமாகவே போய்விட்டாய் என்று ஆகிவிடும்போல இருந்தது. ஒருதடவை அக்கா அதைத் திறக்கச் சொன்னதற்கு அவள்மேல் எரிந்து விழுந்தேன். அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம். ஹால் முழுக்க வெளிச்சம் மஞ்சளாகத் தேங்கி நின்றது, தெருவில் ஒரு சத்தமும் இல்லை, ஃபேன் சுற்றுவதுகூடத் தூக்கத்தில் சுற்றுகிற மாதிரி இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருக்கிறது. பதறிப்போய்த் தேடினேன். உன் அறை வாசலில், பூட்டின கதவை ஒட்டித் தரையில் உட்கார்ந்து, கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கில் பாதத்தை வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். ஏன் இங்க உட்கார்ந்திருக்கீங்க என்றேன். கண்ணைத் திறக்காமலே சொன்னார், "இங்க கொஞ்சம் ஜில்லுனு வருதும்மா. நீ போய்ப் படு, நான் கதவைத் தொடமாட்டேன்."

அந்த ஒரு வார்த்தை என்னை என்னவோ செய்துவிட்டது. உன் ஜன்னல் கிழக்குப் பக்கத்துக் குறுகலான சந்தைப் பார்த்தது, எதிரே உயரமான கிடங்குச் சுவர், நாள் முழுக்க நிழல். வெயில் விழும் பக்கத்தையெல்லாம் அறிந்த மனுஷருக்கு இது மட்டும் தெரியாமலா இருக்கும். தெரிந்தும் எனக்காக வாயைத் திறக்காமல் வெயிலில் வெந்துகொண்டிருந்திருக்கிறார். நான் எவ்வளவு பெரிய பாவி என்று அழுகை வந்தது. சாவியை எடுத்துவந்து திறந்தேன். ஜன்னல் கொண்டி துருப்பிடித்து இறுகிப்போயிருந்தது, பூரிக்கட்டையால் இரண்டு தட்டு தட்டினேன். அப்புறம் அடுப்பங்கரை ஜன்னலையும் திறந்துவிட்டு வந்து உன் அறைக்கு நடுவில் நின்றேன். முதலில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் கழித்து உன் மேஜைமேல் இருந்த காகிதம் ஒன்று லேசாகத் தூக்கிக்கொண்டது. அவ்வளவுதான், காற்று உள்ளே நுழைந்து, நடையில் நடந்து, அடுப்பங்கரை வழியாக வெளியே போனது. இரண்டு பேரும் உன் அறைத் தரையில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டுப் பாயைப் போட்டுப் படுத்தோம். அரைத் தூக்கத்தில் நீ பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வது கேட்டது, ஏழாம் வாய்ப்பாட்டில் வழக்கம்போலத் தடுமாறினாய், நானும் தூக்கத்திலேயே எடுத்துக்கொடுத்தேன். விழித்தபோது மணி ஐந்தாகியிருந்தது, உன் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா பெட்டியோடு வந்தாள், எங்கள் துணிகளை அடுக்குவதற்கு. வந்த களைப்பில் ஐந்து நிமிஷம் என்று உன் அறையில் சாய்ந்தாள். இரண்டு மணி நேரம் அசையவில்லை. எழுந்து, கன்னத்தில் பாய் வரியோடு, இந்த வெயில் காலம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுக் காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். நேற்று டாக்டரும் பிரஷர் இறங்கியிருக்கிறது என்றார். மீதி மாடிக்கு டீச்சரின் மாப்பிள்ளை விடிகாலையில் வந்து சுண்ணாம்பு அடித்துக்கொடுத்தார்.

உன் புத்தகங்களைத் துணி போட்டு மூடியிருக்கிறேன், கவலைப்படாதே. நீ கிளம்பின அன்று ஜன்னலோரத்து ஆணியில் மாட்டின கோடு போட்ட சட்டையை மட்டும் எடுக்கவில்லை. துவைக்கவும் இல்லை, திட்டாதே. நாலு வருஷம் ஆடாமல் அசையாமல் தொங்கின சட்டை, இப்போது காற்று வந்தால் கையைத் தூக்குகிறது. இன்றைக்கு மத்தியானம் அதையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். அப்பா தூங்குகிறார் என்று நினைத்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். நிறுத்தத்தில் ஒருவர் கையைக் காட்டினால் சொல்வாரே, அந்தப் பழைய குரலில் மெதுவாகச் சொன்னார், "ஏறிக்கப்பா, உள்ள இடம் இருக்கு."

உங்கள் ஊரிலும் இப்போது புழுக்கம் என்று சொன்னாயே, ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு காற்று வரவில்லை என்று உட்கார்ந்திருக்காதே, எதிர்ப்பக்கத்தில் எது மூடியிருக்கிறது என்று பார்த்துத் திற. தண்ணீர் நிறையக் குடி. நோய் நொடி இல்லாமல் நீ நூறு வயசு நன்றாக இருக்க எங்கள் இருவர் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. நீ எப்போது வருவாய் என்று இந்தத் தடவை கேட்கப்போவதில்லை. வரும்போது வா, பாயில் நடுவில் படுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உன் அறையிலிருந்து,
அம்மா