அப்பாவுக்கு இன்னும் அறுபது ஆகவில்லை

அன்பு மகள் மகேஸ்வரிக்கு அம்மா தைலம்மாள் எழுதுவது. நாங்கள் இரண்டு பேரும் இங்கே ஏதோ நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்தச் சூரத்தில் நைட் டூட்டி முடிந்ததும் நன்றாகத் தூங்கி, வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பு தேறி இருப்பாய் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார், அவர் எதிரில் இதை எப்படிச் சொல்ல. நாளைக்கு வெள்ளிமலைக்குப் போகிறபோது தபாலில் போட்டுவிடுவேன். கருப்பு ஆடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது, இரண்டும் பெட்டை. சாமை வீட்டுக்கு வந்துவிட்டது. மரவள்ளிதான் இந்த வருஷம் கிழங்கு பிடிக்கவில்லை.

தீயணைக்கப் போகிறவர்களுக்கு ஓய்வு நிதி ஆரம்பித்திருக்கிறோம் என்று நீ தீபாவளிக்கு வந்தபோது சொன்னேன் அல்லவா. மாசி பங்குனியில் சரிவில் தீப் பிடித்தால் சம்பளம் கிம்பளம் இல்லாமல் பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு ஓடுகிறவர்கள் நம் ஐந்து ஊர் ஆட்கள்தானே. கால் வெந்து, மூச்சு கெட்டு வீட்டோடு கிடக்கிறபோது அவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதனால் வீட்டுக்கு வீடு வருஷத்தில் ஒரு நாள் பொறுக்குகிற கடுக்காயை நிதிக்குக் கொடுப்பது, முடியாமல் போனவர்களுக்கு அதிலிருந்து மாதாமாதம் அரிசி பருப்புக்கு உதவுவது என்று பேசி முடித்தோம். மகளிர் குழுவில் நோட்டு எழுதிப் பழக்கம் என்று என்னையே செயலாளர் ஆக்கினார்கள். ஆள் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதே என்று விதியைக் கறாராக எழுதினேன் மகளே. ஆதார் கார்டில் அறுபது நிறைந்தவருக்குத்தான் ஓய்வு, அறுபது ஆகாதவர், கூப்பிட்டதும் வேலைக்கு வர வேண்டும், வராவிட்டால் பேரை அடித்துவிட வேண்டும், அடித்த பேரைத் திரும்பச் சேர்க்கக்கூடாது. எல்லாம் என் கையெழுத்துதான். அப்பா கார்டை எடுத்துப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அவர் வயது கார்டைப் பார்த்தா தெரிய வேண்டும்.

கார்டில் அவருக்கு ஐம்பத்து நாலுதான் ஆகிறது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஆதாருக்குக் கேம்ப் போட்டு எழுதினவர் அப்பா முடியையும் தோளையும் பார்த்துவிட்டுத் தானாகவே நாற்பது என்று போட்டுக்கொண்டார். உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பா அன்றைக்குச் சிரித்துக்கொண்டே வந்து, எனக்கு நாப்பதுதானாம் தைலம்மா, இன்னொரு கல்யாணம் பண்ணிக்கலாம் போலக்குது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். நாமும் சிரித்தோம். அவரைவிட நாலு வயது சின்னவர் சடையன் சித்தப்பா, அவர் கார்டில் அறுபத்து மூன்று. முதல் மாத உதவி அவருக்குத்தான் போனது. அதை அப்படியே தூக்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்துவிட்டார். அண்ணன் இன்னும் தீக்குப் போய்க்கினு இருக்கும்போது நான் வூட்ல குந்திக்கினு இத்த துன்னா செரிக்குமா அண்ணி என்று கண்ணெல்லாம் கலங்கிக் கேட்டார். அப்பா அவர் கையைப் பிடித்து, உனுக்கு வந்ததுடா, எடுத்துக்கினு போ என்று அனுப்பிவிட்டார்.

கார்டைத் திருத்தலாம் என்று சங்கராபுரத்துக்கு இரண்டு தரம், கள்ளக்குறிச்சிக்கு மூன்று தரம் போனோம். பிறப்புச் சான்றிதழ் கொண்டா, இல்லையென்றால் பள்ளிக்கூடச் சான்றிதழ் கொண்டா என்கிறார்கள். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவர் எதைக் கொண்டுபோய்க் காட்டுவது. தினை விளையாத வருஷம் பிறந்தவன் என்று அவர் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள், அது ஒன்றுதான் நம்மிடம் இருக்கிறது.

இப்போது சொல்லப்போகிறதற்கு என்னைத் திட்டாதே. பங்குனிக் கடைசியில் அப்பாவுக்குச் சளி என்று போனில் சொன்னேனே, அது பொய். வடக்குச் சரிவில் தீப் பிடித்தது. போகாதீங்க என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன், போவலன்னா பேரை அடிக்கணும், நீதான அடிக்கணும் என்று சொல்லிவிட்டுத் துண்டை நனைத்துக் கட்டிக்கொண்டு போனார். புகைக்குள் மாட்டி விழுந்து, கூடத் தீயணைக்கப் போன நம் ஊர்ப் பையன் இளவரசன்தான் முதுகில் போட்டுத் தூக்கி வந்தான். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் வைத்திருந்தார்கள். நுரையீரல் கெட்டுப்போயிருக்கிறது, இனிமேல் அடுப்புப் புகைகூட ஆகாது என்று டாக்டர் சொன்னார். நர்ஸ் வேலை பார்க்கிற மகளிடமே மறைத்தேன், உனக்குத் தெரிந்தால் லீவு போட்டுவிட்டு ஓடி வருவாய் என்று அவர்தான் சத்தியம் வாங்கினார்.

போன மாதக் கூட்டத்தில் வெட்கத்தை விட்டு நானே எழுந்து கேட்டேன். டாக்டர் சீட்டு இருந்தால் வயது பார்க்காமல் ஓய்வு கொடுக்கலாம் என்று விதியை மாற்றுங்கள் என்றேன். அப்புறம் இளவரசன், அக்கா, நீங்க எழுதினதுதான, உங்க வூட்டுக்காரருக்குன்னு மாத்தினா நாளைக்கி ஆளாளுக்கு ஒரு சீட்டு வாங்கிக்கினு வருவாங்க, அப்போ இன்னா பண்றது என்று கேட்டான். தூக்கி வந்த பிள்ளை, அவன் மேல் கோபம்கூட வரவில்லை. கை தூக்கச் சொன்னோம். மாற்ற வேண்டாம் என்று முதலில் தூக்கின கை உன் அப்பாவுடையது. என்னை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. அவர் தூக்கின பிறகு மற்றவர்கள் வேறு என்ன செய்வார்கள்.

தீக்குள் போக முடியாதவருக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே என்று, பாறை மேல் உட்கார்ந்து புகை தெரிந்தால் விசில் ஊதுகிற வேலையைக் கொடுத்தார்கள். அதுவும் வேலைதான், பேர் நிற்கும். நானும் போகட்டும் என்று விட்டேன். தினமும் சோற்றுத் தூக்கோடு போய் வந்தார். முந்தாநாள் மத்தியானம் நான் தண்ணீர் கொண்டு போனபோது கீழே புகை எழும்பிக்கொண்டு இருந்தது. அப்பா விசிலை வாயில் வைத்துக் கன்னம் உப்ப ஊதுகிறார், ஊதுகிறார், சத்தமே வரவில்லை. வெறும் காற்று போகிறது, பிறகு இருமல். நான்தான் கத்தி ஆளைக் கூப்பிட்டேன். நல்லவேளை, யாரோ மரவள்ளிக் குச்சியைக் கொளுத்தினதுதான். அப்பா விசிலைத் துண்டில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அன்றைக்கு இரவு சாப்பிடவும் இல்லை.

வேலையைத் திருப்பிக் கொடுத்தவர் பேரை நோட்டில் அடிக்க வேண்டும். அடித்தால் கார்டில் அறுபது வந்தாலும் அவருக்கு ஒன்றும் கிடையாது. இரண்டு நாளாக நோட்டை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம், கேட்பார்கள். நீ அங்கிருந்து என்ன செய்ய முடியும், ஒன்றும் முடியாது என்று எனக்குத் தெரியும். பணம் எதுவும் அனுப்பாதே, அவர் வாங்க மாட்டார். மூச்சுக்கு என்ன பயிற்சி செய்யலாம் என்று மட்டும் எழுது. போனில் பேசும்போது உனக்கு எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, ஆட்டுக்குட்டியைப் பற்றிக் கேள், அதைப் பற்றி மட்டும் இப்போதும் நன்றாகப் பேசுகிறார். தலைக்கு எண்ணெய் வை, காலைச் சாப்பாட்டை விடாதே. மலைச்சாமி உன்னை நோய் நொடி அண்டாமல் காக்கட்டும், நாங்கள் இரண்டு பேரும் மனதார உன்னை வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டு இருக்கும் உன் அம்மா,
கு. தைலம்மாள்