ஜன்னல் திறந்திருந்தது

என் வாலுக்கு,

இவ்வளவு இரவில் எழுத உட்கார்ந்ததற்கு மன்னித்துவிடு, பகலில் எழுதினால் உன் அப்பா என்ன எழுதுகிறாய் என்று கேட்பார், அவரிடம் மழுப்ப எனக்கு வராது. இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுத இன்று கை வரவில்லை, அந்தச் சொல் உன் பக்கமாவது இருக்கட்டும். நீ அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிகிறது, பரீட்சை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே, போன தடவை விடுதிக்கு வந்தபோது உங்கள் வார்டன் என்னை உன் அக்கா என்று நினைத்தார், இப்போது வந்தால் உன்னை என் அக்கா என்பார்.

விஷயம் அப்பாவைப் பற்றியது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று சொல்லியிருக்கிறார், ஆனாலும் எழுதுகிறேன். பின்கட்டுப் பட்டறையில் பழைய அரங்களிலிருந்து அவர் செய்யும் உளிகள் கொஞ்ச நாளாகவே சரியில்லை. நம் தச்சர் தெரியுமில்லையா, வாங்கிப்போன உளிகளை ஒரு துணியில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து, அண்ணே, உங்க உளி மரத்தப் பாத்தாலே பயந்து பல்லக் கொட்டிடுதே என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா சிரிக்கவில்லை. இப்ப வர்ற பழைய அரமெல்லாம் வெறும் தகரம்ப்பா, நான் என்ன பண்ணட்டும் என்றார். நானும் நம்பினேன். அரம் கொடுக்கும் பழைய இரும்புக்கடைக்காரரோடு சண்டைக்கே போனேன், அவர் பாவம், அக்கா, நீங்க படிச்சவங்க, நீங்களே பாத்து எடுத்துக்குங்க என்று குவியலையே காட்டிவிட்டார்.

நீ பார்த்து வளர்ந்த வேலைதான். பழைய அரத்தை உலையில் சிவக்கக் காய்ச்சி, சாம்பல் பெட்டியில் புதைத்து, ராத்திரி முழுவதும் மெல்ல ஆறவிட்டால் அதன் விறைப்பு இறங்கும், பிறகுதான் அதை ராவி உளியாக்க முடியும். எவ்வளவு சிவக்க வேண்டும் என்பதைக் கண்தான் சொல்ல வேண்டும். காந்தம் ஒட்டவில்லை என்றால் சூடு வந்துவிட்டது என்று தெரியும், மீறிப்போனதை அது சொல்லாது. ரொம்ப மீறினால் உள்ளே மணல் போல ஆகிவிடுகிறது, அப்புறம் என்ன செய்தாலும் முனை நிற்பதில்லை. அந்தத் துணிக்குள் இருந்தவை எல்லாம் அப்படித்தான் உடைந்திருந்தன.

ஒரு நாள் மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டு, சும்மா பக்கத்துல நில்லு, நிறத்த மட்டும் சொல்லு என்றார். ஏன் என்று கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. எனக்குப் புகை ஆகாது என்பதால் அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலைத் திறந்துவைத்தேன். வெயில் உள்ளே விழுந்தது. அவர் என்ன நிறம் என்று கேட்கும்போதெல்லாம் இன்னும் மங்கலாத்தான் இருக்கு, இன்னும் கொஞ்சம் காயட்டும் என்றேன். வெளிச்சத்தில் பார்த்தால் சிவந்த இரும்பு மங்கலாகத் தெரிந்து ஏமாற்றும், அதற்காகத்தான் அவர் பட்டறையை எப்போதும் இருட்டாக வைத்திருப்பார். மறுநாள் ஒன்றை உடைத்துப் பார்த்தார், மணல். பெட்டி முழுவதும் அப்படியே. உடைந்ததைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் சாத்தித்தான இருந்துச்சு என்று கேட்டார். அவர் இருந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பினால் ஜன்னல். நான் நிற்கையில் எத்தனை முறை திரும்பினார். அத்தனை வெயிலும் அவருக்குத் தெரியவில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

சண்டை போட்டுக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு பட்டுப்போகிறதாம், ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து இப்போது குழாய் வழியாகப் பார்ப்பது போலத்தான் தெரிகிறதாம், அந்த நடுவிலும் புகை போல மங்கல் படிந்துவிட்டது. போனது போனதுதாம்மா, இருக்கறத கொஞ்ச நாள் இழுத்துப் பிடிக்கலாம், அவ்வளவுதான் என்றார் மருத்துவர். மருந்து விடுகிறோம். எனக்கு நம்பிக்கை இல்லை, அவருக்கும் இல்லை, இருவரும் நேரம் தவறாமல் விடுகிறோம்.

நேற்று மறுபடி உலை மூட்டினார். ஜன்னலை நானே சாத்தினேன். செங்கல் மாதிரியா, மாதுளை விதை மாதிரியா என்று கேட்டார், மாதுளை என்றதும் எடுத்தார், இடுக்கி பெட்டியைத் தொடும்வரை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். இன்று காலை சாம்பலைக் கிளறி எடுத்தோம், ராவிப் பார்த்தபோது அரம் வெண்ணெயில் போவது போல இறங்கியது. பாத்தியா, இன்னும் முடியும் என்றார். அது நன்றாக வந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. தச்சர் இதற்குள் கடையில் வேறு உளி வாங்கிக்கொண்டார் என்பதை நான் எப்படிச் சொல்வேன்.

இனி நான் சொல்லப்போவதைப் பயப்படாமல் படி. இது அப்பாவிடமிருந்து பிள்ளைக்கும் வரக்கூடியது, உன்னையும் கட்டாயம் காட்டச் சொன்னார் மருத்துவர். வலி இருக்காது, தெரியாமலே வருமாம், எனக்கு நல்லாத்தான் தெரியுது என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதே, அப்பாவும் அதைத்தான் சொன்னார். படியிறங்கும்போது ஓரம் தெரிகிறதா, பக்கத்தில் வரும் ஆள் திடீரென்று முளைத்தது போல இருக்கிறதா, யோசித்துப் பார். யோசிப்பதோடு நிற்காமல் போய்க் காட்டு. இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு அழாதே, ஊருக்கு ஓடி வராதே, வந்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

நீ நன்றாக இரு, உன் கண்ணுக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும், நான் வேறெதுவும் கேட்டுக்கொள்வதில்லை இப்போதெல்லாம். அப்பாவுக்குத் தனியாக நாலு வரி எழுது, பெரிய எழுத்தாக, கறுப்பு மையில், உனக்கு எதுவும் தெரியாத மாதிரி. எனக்கு, உன் கண்ணைப் பார்த்த மருத்துவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா