பெரிய துரையின் வயிற்றில் சிக்கிய தாள்

2003 ஆகஸ்ட் 12, செவ்வாய்

இன்று நடந்ததைச் சத்தியமாக எழுதுகிறேன். யாரும் நம்பப் போவதில்லை, நாளைக்குப் படித்தால் நானே நம்பமாட்டேன்.

எங்கள் தோட்ட ஆபீசுக்கு யானை அளவில் ஒரு பிரிண்டர் வந்திறங்கியது. வயர் இழுத்து எல்லாக் கம்ப்யூட்டரையும் அதோடு கோத்தார்கள். பழைய குட்டிப் பிரிண்டரையும் சேர்த்தார்கள். எது எதுவென்று குழம்பக் கூடாதே என்று, கம்ப்யூட்டர் பெயர் கேட்டபோது தோட்டத்து மேனேஜரையும் அசிஸ்டன்ட் மேனேஜரையும் நாங்கள் கூப்பிடுகிற மாதிரியே, பெரியதற்குப் 'பெரிய துரை', குட்டிக்குச் 'சின்ன துரை' என்று நான்தான் தட்டினேன்.

முதலில் தேயிலைக் கொழுந்துக் கணக்கை அனுப்பியவள் அக்கா மகள் வசந்தி. தற்காலிக வேலைதான், நிரந்தரமாக்குவது மேனேஜர் பெரிய துரையின் கையில். தாள் உள்ளே சிக்கிக்கொண்டது. கொட்டகலை ஸ்டேஷனில் ரயில் நிற்கும்படி கத்தினாள்:

"மாமா! பெரிய துரை முழுங்கிட்டாரு, துப்பமாட்டேங்கிறாரு! வயித்தத் தொறந்து இழுங்க!"

வாசலில் நிஜப் பெரிய துரை நின்றார். என் வாயோடு சேர்ந்து கொத்மலை அணைத் தண்ணீரும் ஒரே மூச்சில் வற்றியது. வசந்தி பிரிண்டருக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

"யாரு பேரு வச்சது?" என்றார், கம்ப்யூட்டர் திரையில் இருந்த பெயரைப் பார்த்து.

"நான்தாங்க சார். அந்தப் புள்ள கம்ப்யூட்டர்ல இருந்ததத்தாங்க சொல்லுச்சு."

"சின்ன துரை ஒழுங்கா வேல செய்யுதா?"

"செய்யுதுங்க சார்."

"ஆச்சரியமா இருக்கே" என்றவர், தானே மூடியைத் திறந்து தாளை உருவினார். "பேர மாத்த வேணாம். இனி பெரிய துரைய இந்தப் புள்ளயே பாத்துக்கட்டும். நிரந்தரமா."

யானை, ரயில், கொத்மலை எல்லாம் என் கைச்சரக்கு. அந்த 'நிரந்தரமா' மட்டும் நிஜம்.